பாவாவின் விரதமும் என் மகளின் பசியும்

எங்கள் பாவா கிருத்திகைதோறும் பட்டினி இருப்பார். மறுநாள் முழுக்க அந்தப் பட்டினியைப் பற்றிப் பேசுவார். ஆகவே மாதத்தில் ஒரு நாள் அவருக்கு விரதம், ஒரு நாள் எங்களுக்கு. முந்தின நாள் ராத்திரியோடு வாயைக் கட்டினால் கிருத்திகை பூராவும் வெறும் தண்ணீர். அதற்கும் மறுநாள் காலையில் குளித்து, மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்ட பிறகுதான் இட்லி. திருத்தணியில் அன்றைக்குச் சாப்பிடுகிறவனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இருந்தாலும் விரதம் என்பதைத் தானே கண்டுபிடித்து ஊருக்குக் கொடுத்த மாதிரிதான் பாவா நடந்துகொள்வார்.

பாவா என்றால் என் அக்காவின் புருஷன். எங்கள் நெசவுக்காரத் தெருவில் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், அக்கா புருஷனைப் பாவா என்போம். பிறகு அக்கா மகளையே எனக்குக் கட்டிவைத்ததால் அவர் எனக்கு மாமனாராகவும் ஆனார். அக்கா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பெயரை மாற்றிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. "வீட்டுச் சொத்து வெளிய போவக் கூடாது" என்று கல்யாணத்தின்போது பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். அப்போது வீட்டிலிருந்த சொத்து ஒரு பித்தளை அண்டா.

நான் ஏழாவதோடு நின்றவன். பவர்லூம் கொட்டகையில் லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு வராத இடத்தையெல்லாம் எனக்குப் பயம் வந்து நிரப்பியது. தறி ஓடினால் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா தெறித்துக் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். கரண்ட் போய்த் தறி நின்றால் கூலியும் நின்றுவிடுமே என்று பயம். ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போனால் வழி முழுக்க டிரைவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது சாய்கிறதா என்று. கொட்டகைக்குள் நுழைந்ததும், ஓட்டலில் டிபன் விசாரிக்கிற மாதிரி, "இன்னாடா, இன்னிக்கு இன்னா பயம் போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். நானும் அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்வேன்.

எங்களுக்கு முதல் குழந்தை பையன். எழுந்து நடக்கத் தொடங்கி, 'நைனா' என்று சொல்லப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாதாரணக் காய்ச்சல் வந்தது. ஒரு பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காய்ச்சலில் வயிற்றைக் காயப்போடுவது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். லங்கணம் பரம ஔஷதம் என்பது எங்கள் பக்கத்தில் தமிழ்க்காரனும் சொல்வான், தெலுங்குக்காரனும் சொல்வான். மறுநாள் காலை பையன் எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தோம். காய்ச்சல் விட்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று தெருவே கூடி யோசித்தது. மலைக்கு வேண்டிக்கொண்ட மொட்டையைத் தள்ளிப்போட்டதுதான் குற்றம் என்று முடிவானது. அதனால் அடுத்ததாகப் பெண் பிறந்ததும் பாவா கொஞ்சமும் கடன் வைக்காமல் வேண்டிக்கொண்டார். ஆடிக் கிருத்திகையன்று குடும்பமே விரதம் இருந்து மலையேறி, குழந்தைக்கு மொட்டை போட்டு, சாமி பார்த்துவிட்டுத்தான் வாயில் எதையும் வைப்பது.

"கொழந்தைக்குமா பாவா?" என்றேன்.

"பால் குடுக்கலாம். பல்லுல கடிக்கிறது எதுவும் கூடாது" என்றார். அதையே பெரிய சலுகையாகச் சொன்னார்.

அவளுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. முந்தின நாள் சளி பிடித்து, சோறு வேண்டாம் என்று தூங்கிப்போயிருந்தாள். காலையில் கிளம்பும் அவசரத்தில் இரண்டு வாய்ப் பாலோடு சரி. மலைமேல் மொட்டை ஆயிற்று, சந்தனம் பூசியாயிற்று, தரிசன வரிசையில் வந்து நின்றோம். வரிசை நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் காவடி, அரோகரா. பாட்டிலில் கொண்டுவந்த பால் ஆடி வெயிலில் திரிந்துவிட்டது. பயந்தவன் வெறுங்கையோடு வருவேனா? என் சட்டைப் பையில் பிஸ்கட் இருந்தது. எடுத்ததைப் பாவா பார்த்துவிட்டார். பிடுங்கி, எங்களுக்கு முன்னால் நின்ற வேண்டுதல் இல்லாத ஒரு குழந்தையிடம் கொடுத்தார். அது எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது.

என் மகள் முதலில் அழுதாள். பிறகு அழுகை நின்றது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். எனக்கு அழுகை நின்றதுதான் பிடிக்கவில்லை. அவள் தலை என் தோளில் தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன், கண் திறக்கவில்லை. உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது.

"பாவா, கொழந்த கண்ணு தொறக்கல."

"தூங்கிகினு கீது. நீதான் பயந்து சாவற."

பின்னால் நின்ற ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "தூங்கற கொழந்தைக்கு இப்டியாங்க வேர்க்கும்?" என்றாள்.

என் மனைவி கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. தேங்காய், பூ, கற்பூரம், ஒரு பொட்டலம் கல்கண்டு. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயம் வந்திருக்கும். பொட்டலத்தைப் பிரித்து, கல்கண்டைப் பல்லால் கடித்துப் பொடியாக்கி, விரலில் எடுத்து அவள் ஈறில் தேய்த்தேன்.

"டேய்! சாமிக்கு வெச்சத எச்ச பண்ணிட்டியேடா! நீயெல்லாம் மனுசனா?" என்று பாவா போட்ட சத்தத்தில் ஒரு காவடியே நின்றது. அக்கம்பக்கத்தார் என்னைத் திட்டுவதற்கு வாகாக நெருங்கி வந்தார்கள். எத்தனை நேரம் தேய்த்தேனோ, அவள் உதட்டை அசைத்தாள். பிறகு விரலைச் சப்பினாள். பிறகு கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

பாவாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "பாத்தியா? கோபுரம் கண்ணுல பட்டதும் முழிச்சிகிச்சு!"

கோபுரம் இருந்த பக்கம் அவளுடைய முதுகு இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தெருவில் அது அற்புதமாகப் பரவியது. எனக்கு மட்டும் இன்னொரு பயம் கூடியது. அன்றிலிருந்து அவளைத் தூங்க விடமாட்டேன். தொட்டுத் தொட்டு எழுப்பி ஏதாவது ஊட்டுவேன். "கொழந்தைய நெல்லு மூட்ட மாதிரி ரொப்பிகினே இருக்கான்" என்று கொட்டகையில் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் அவளுக்கு வாந்தி வந்தது. ஊட்டியதெல்லாம் வெளியே வந்தது. விடிந்தபோது கோயில் வரிசையில் கிடந்த மாதிரியே துவண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஊரிலிருந்த டாக்டரிடம் ஓடினோம். அவர் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது என்று சொல்லி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அவள் சிறுநீரைப் பரிசோதிக்க பஸ் நிலையத்தின் பக்கத்திலிருந்த லேபுக்கு அனுப்பினார்.

லேப்காரருக்கு வாடிக்கையெல்லாம் சர்க்கரை வியாதிக்காரர்கள். சிறுநீரில் ஒரு பொடியைப் போட்டு மருந்து ஊற்றுவார். கத்தரிப்பூ நிறமாக மாறினால் அதில் கீட்டோன் இருக்கிறது, அந்த வியாதிக்காரர்களுக்கு அது ஆபத்து, ஓடு ஆஸ்பத்திரிக்கு என்பார். என் மகளுடையது நிறமே மாறவில்லை. கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பளிங்கு மாதிரி கீதுங்க. கீட்டோன் ஒரு துளி இல்ல. சந்தோஷமா போங்க" என்றார். நாங்களும் சந்தோஷமாகப் போனோம். பாவா போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "எனக்கு இது சரியாப் படல. மெட்ராஸுக்குக் கூட்டிகிட்டுப் போங்க" என்றார்.

ரயிலில் அரக்கோணத்தில் வாழைப்பழம், மணவூரில் முறுக்கு, திருவள்ளூரில் பால் என்று ஊட்டிக்கொண்டே போனேன். எதிரில் இருந்தவர், "கல்யாண வீட்டுக்குப் போய் வர்றீங்களா?" என்று கேட்டார்.

மெட்ராஸில் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். நிதானமான மனுஷி. அவளை வார்டில் வைத்து, குளுக்கோஸ் ஊசியைக் கையோடு தயாராக வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது நான் நின்ற நிலையைப் பார்த்து ஒரு நர்ஸம்மா எனக்கு நாற்காலி போட்டார். எல்லாம் முடிந்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"கீட்டோன் இல்ல" என்றார்.

"ஆங், எங்க ஊர்லயே சொல்லிட்டாங்கம்மா. சுத்தம்னாங்க" என்றேன் பெருமையாக.

"அதாம்பா பிரச்சனையே. இத்தன நேரம் பட்டினி கெடந்த கொழந்தைக்கு அது இருந்திருக்கணும்."

நான் ஏழாவது என்பதை எப்படியோ தெரிந்துகொண்ட மாதிரி பொறுமையாகச் சொன்னார். சாப்பிடாத நேரத்தில் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்துக் கரைக்குமாம். அதிலிருந்து ஈரல் ஒரு சரக்குச் செய்து அனுப்புமாம், அதன் பெயர்தான் கீட்டோன். சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும்போது மூளை அதை எரித்துக் காலம் தள்ளுமாம். விரதம் இருக்கிற யாரைப் பிடித்துப் பார்த்தாலும் கீட்டோன் இருக்கும், அது நோயில்லை. "இந்தக் கொழந்தைக்குக் கொழுப்பு இருக்கு. அதக் கரைக்கிற வேலைதான் நடக்கல. சக்கர தீந்துச்சுன்னா வேற ஒண்ணும் கெடையாது" என்றார்.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கரண்ட் போனால் எங்கள் பவர்லூம் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக் கைத்தறி அது பாட்டுக்கு லொடக் லொடக்கென்று ஓடும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். மற்றவர்கள் உடம்பில் இரண்டும் இருக்கிறது. என் மகள் உடம்பில் பவர்லூம் மட்டும்தான். இதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்து, ஆமாம் என்றார். பிறகு கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அக்கா பொண்ணுங்க."

"இது பரம்பரையா வர்ற குறை. உங்க கிட்ட ஒண்ணு, இவங்க கிட்ட ஒண்ணு, ஒளிஞ்சிகிட்டு இருந்திருக்கு. உங்கள ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சேந்து ஒரு கொழந்தைக்கு வந்தாத்தான் இப்டி."

வீட்டுச் சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். போகவில்லை.

"வேற கொழந்தைங்க?" என்றார். என் மனைவிதான் பையனைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சல், ஒரு பகல் சாப்பிடாதது, விடிந்தபோது கிடந்த கோலம் எல்லாம். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அவனுக்கும் இதுவா இருந்திருக்கலாம்மா. இப்ப உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். மொட்டையைத் தள்ளிப்போட்டதற்காகத் தினம் விளக்கு வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. அவள் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். வாயில் துடைக்க ஒன்றும் இல்லை.

இந்தக் குறைக்கு இன்ன பெயர் என்று சொல்லும் பரிசோதனை இங்கே கிடையாது, வெளிநாட்டில் இப்போதுதான் இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். மருந்தும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, அதுதான் மருந்து. காய்ச்சல், வாந்தி என்றால் சர்க்கரைத் தண்ணீர். அதுவும் நிற்கவில்லை என்றால் தூங்குகிறாள் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரி. "இந்த விஷயத்துல நீங்க பயந்துதான் ஆகணும்" என்றார்.

என்னைப் பயப்படாதே என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். ஊருக்குத் திரும்பும்போது உத்தியோகம் கிடைத்தவன் மாதிரி இருந்தது.

பாவா நம்பவில்லை. "பட்டினி ஒத்துக்காத ஒடம்பா? சோறு ஒத்துக்காத ஒடம்பு பாத்திருக்கேன். கீட்டோனாம், கீட்டோன்! எத்தினி வருசமா கிருத்திக இருக்கேன், எனக்கு எங்க கீது அது?"

"உங்களுக்கும் இருக்கும்னு சொன்னாங்க பாவா. விரதம் இருக்கறவங்க எல்லாருக்கும் இருக்குமாம்."

"எனக்கா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அதையும் பாத்துடுவோம்."

அடுத்த கிருத்திகை முடிந்த காலையில், குளித்து, மலையைக் கும்பிட்டு, இட்லிக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு நடந்தார். லேப்காரர் பொடியைப் போட்டார், மருந்தை ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்க்குள் கத்தரிப்பூ பூத்தது.

லேப்காரர் பதறிப்போய், "ஐயா, உங்களுக்கு எத்தினி நாளா சக்கர வியாதி?" என்றார்.

"வியாதி இல்ல சாமி. விரதம்" என்றார் பாவா.

சர்க்கரையையும் பார்த்துவிட்டு, அது இல்லை என்று லேப்காரர் தலையைச் சொறிந்தார். பாவாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் அவர் விரதத்துக்குச் சாட்சி அவர் வாய் மட்டும்தான். இப்போது நிறத்தோடு கிடைத்திருக்கிறது. வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத்தான் உடம்பு கூசியது. குழாயை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்றுகூடக் கேட்டார். லேப்காரர் கழுவி வைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்.

வாசலைத் தாண்டியவர் திரும்பி, "எங்க கொழந்தையோடது இப்டி மாறலியா?" என்றார்.

"இல்லைங்க. தண்ணி மாதிரியே நின்னுச்சே" என்றார் லேப்காரர்.

பாதி வழி வரைக்கும் பாவா பேசவில்லை. கிருத்திகைக்கு மறுநாள் அவர் பேசாமல் நடந்தது அன்றுதான். பிறகு மெதுவாக, "அப்ப அது பட்டினி கெடந்தா, உள்ள ஒண்ணுமே எரியாதா?" என்றார்.

"எரியாது பாவா."

"பிஸ்கட்ட வேற புடுங்கினேன்" என்றார். அவ்வளவுதான். அன்று இட்லி சாப்பிடும்போதும் விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு என் உத்தியோகத்துக்குப் போட்டி வந்துவிட்டது. நான் கொட்டகையிலிருந்து ஓடிவந்து பார்த்தால் பாவா ஏற்கெனவே கிண்ணத்தோடு அவள் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். விளையாடுகிற இடத்துக்கே போய் ஊட்டுவார். மற்றக் குழந்தைகளும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும். ஆனால் தன் விரதத்தை மட்டும் விடவில்லை. அதைப் பேத்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையாகச் சொல்வார்: "தாத்தா நாளைக்குச் சாப்பிட மாட்டேன், தெரியுமா? தாத்தாவுக்கு விரதம்." அவள் கண்ணை அகல விரித்துக் கேட்பாள்.

மறுவருஷ ஆடிக் கிருத்திகையன்று காலையில் அவளுக்கு உடம்பு சுட்டது. பால் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். சர்க்கரைத் தண்ணீரைத் துப்பினாள். "மாமா, ஒரு வாய்கூட எறங்கல" என்று என் மனைவி கையைப் பிசைந்தாள். திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தெருவில் காவடி, மேளம், மனிதத் தலை. எங்கள் டாக்டர் வீட்டுக்கு ஆள் ஓடி, அவர் எங்கேயோ கூட்டத்தில் மாட்டியிருக்கிறார் என்ற சேதியோடு திரும்பிவந்தார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு அவளைத் தோளில் போட்டு நடந்தே போவது என்று நான் சட்டையை மாட்டினேன்.

பாவா இட்லித் தட்டோடு அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி, உலர்ந்த உதடு.

"ஒரே ஒரு வாய் கண்ணு. எங்கம்மா இல்ல?"

"வேணாம்."

"ஏன்டா கண்ணு, வவுறு வலிக்குதா?"

"இல்ல. எனக்கும் விரதம்" என்றாள் அவள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பாவாவைப் பார்த்தேன். பாவா யாரையும் பார்க்கவில்லை.

"கொழந்தைங்களுக்கு விரதம் கெடையாதும்மா. தாத்தாவுக்கு மட்டும்தான்."

"நீ துன்னு. நானும் துன்றேன்." சொல்லிவிட்டு அவள் கண் செருகிச் செருகித் திறந்தது.

பாவா ஜன்னல் வழியாக மலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். அனுமதி கேட்டாரோ, தகவல் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. இட்லியைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வாயக் காட்டு" என்றாள் அவள்.

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆவென்று திறந்து காட்டினார். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தாள். திருப்தியான பிறகு தன் வாயைத் திறந்தாள். சர்க்கரை தொட்ட இட்லி ஒரு துண்டு அவளுக்கு, ஒரு துண்டு அவருக்கு. தாத்தா ஒரு முறை ஏமாற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டபோது அவளும் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ஏமாற்றவில்லை.

அந்த நேரம் பார்த்து, மலைக்குக் கூப்பிடப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "இன்னா பெரியவரே, கெளம்பலியா? ஐயோ, இன்னா துன்னுகினு கீறீங்க? இன்னிக்கு ஆடிக் கிருத்திகையாச்சே!"

பாவா அவசரப்படாமல் மென்று விழுங்கினார். "யாரு இல்லன்னது? எம் பேத்தி விரதத்த முடிக்கறா. தொணைக்கு நான் உக்காந்திருக்கேன். நீ போ, வரிச நீளுது."

இரண்டு இட்லியும் பாலும் உள்ளே போனது. வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் காய்ச்சலோடேயே எழுந்து உட்கார்ந்து, ஜன்னலில் காவடி எண்ண ஆரம்பித்தாள். பிறகு பாவாவின் மடியில் தூங்கிப்போனாள். நான் கழுத்தைத் தொட்டேன். வேர்வை இல்லை. இளஞ்சூடாக, தூங்குகிற குழந்தையின் கழுத்தாகவே இருந்தது. அத்தோடு எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது.

"பாவா, உங்க வவுறு எப்டி கீது? இத்தினி வருசத்துல இந்த நாள்ல நீங்க ஒண்ணும் போட்டதில்லையே…"

"டேய் மச்சான்! அந்த டாக்டரம்மா ஒன்ன இவளுக்குத்தான் பயப்படச் சொல்லிச்சு. எனக்கும் சேத்து இல்ல."

என் மனைவி கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாவா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவளை மறுபடி எழுப்பி ஊட்டும் நேரம் வரை, மடியை அசைக்காமல், இட்லி காய்ந்த விரல்களைத் தட்டின்மேல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து 'நீ துன்னு' என்றால் இன்னொரு தரம் தின்ன வேண்டியிருக்கும்.